முத்துக்குளித்துறையின் சாயவேரும் அச்சுத்துணியும்

முத்துக்குளித்துறையின் வரலாறு பெரும்பாலும் முத்து, சங்கு, துறைமுகம் ஆகியவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அக்கடற்கரை மணலில் விளைந்த சாயவேர் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஒரு துணி தன் நிலத்தைச் சித்திரத்தால் மட்டுமன்றிச் சாயத்தாலும் வெளிப்படுத்தும் என்பதை இவ்வேரின் வரலாறு உணர்த்துகிறது.

சாயவேர் என்பது இம்பூறல் செடியின் வேராகும். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான நிலங்களில் இது இயல்பாக வளர்கிறது. இதன் வேர்ப்பட்டையில் அலிசரின் என்னும் சிவப்புச் சாயப்பொருள் உண்டு. அச்சிவப்பு துணியில் நிலைபெற அலுமினியமும் கால்சியமும் துணைபுரிகின்றன. முன்னதைப் படிகாரம் அளித்தது. கிளிஞ்சல் கலந்த சுண்ணாம்பு மணலில் விளைந்த வேரே உயர்ந்த சிவப்பைத் தரும் எனக் கருதப்பட்டமைக்குப் பின்னது காரணமாகலாம்.

சாயமிடுவோர் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினர். பின்னர்ப் படிகாரக் கரைசலை மர அச்சாலோ எழுதுகோலாலோ இட்டு, சாயவேர் நீரில் கொதிக்கவைத்தனர். படிகாரம் பட்ட இடமே நிலையாகச் சிவந்தது. ஏனைய இடங்களின் சாயம் வெளுப்பில் நீங்கியது. அச்சு பதித்தது நிறத்தையன்று, நிறம் பற்றும் இடத்தையே. பிற்காலத் திரையச்சில் சாயப்பசையே திரையின் வழியாகத் துணியில் இறங்குகிறது.

1658இல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் ஆகியவற்றைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, மதுரைக் கடற்கரையில் முத்துக்குளிப்போடு துணிக் கொள்முதலையும் முதன்மை வணிகமாக நடத்தியது. தூத்துக்குடி கொழும்பு ஆட்சியின்கீழ் இயங்கியது. இலங்கைப் பகுதியில் சாயவேர் கம்பெனியின் தனியுரிமையாயிற்று. வேர்க்குத்தியர் தாம் தோண்டிய வேரைக் கம்பெனிக்கே ஒப்படைக்கக் கடமைப்பட்டிருந்தனர். எனவே துணியின் சிவப்பில் நிலத்தின் இயல்போடு கட்டாய உழைப்பும் கலந்திருந்தது.

1868இல் கிரேபே, லீபர்மான் ஆகிய ஜெர்மானிய வேதியியலர் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். மலிவான அச்சாயம் பரவியபின் வேரின் வணிகம் நலிந்தது. தூத்துக்குடியின் பஞ்சாலைத் தொழிலாளர் 1908இல் நடத்திய கோரல் ஆலை வேலைநிறுத்தம், வ.உ.சிதம்பரனாரின் பெயரோடு வரலாற்றில் நிலைத்தது. வேர்க்குத்தியரின் உழைப்புக்கு அத்தகைய இடம் வாய்க்கவில்லை.

உப்பளத்தையும் தோணியையும் சங்கையும் இன்று எந்த ஊரிலும் திரையச்சால் துணியில் பதிக்க இயலும். அத்துணி இக்கடற்கரையின் தோற்றத்தைக் காட்டும். அதன் மண்ணும் உழைப்பும் அதில் இருப்பது கட்டாயமன்று. ஆகவே வட்டாரத் துணிமரபை ஆராய்வோர் உருவத்தை மட்டும் நோக்காது, சாயம் எங்கு விளைந்தது, அதை எடுத்தவர் யார் என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.