கைப்பிடி அரிசியும் சங்கக் காணிக்கையும்: திருநெல்வேலி ஊர்க் கோயில்களின் வாழ்வாதாரம்

முன்னுரை

ஓர் ஊர்க் கோயிலின் கதவு திறந்திருக்கக் கட்டடம் மட்டும் போதாது. விளக்குக்கு எண்ணெய், கூரை பழுதுபார்ப்பு, மறை கற்பிக்கும் உபதேசியாருக்குச் சம்பளம் எனத் தொடர்செலவுகள் பலவுண்டு. திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் மிஷனெரிமாரின் தொண்டினையும் உயர்ந்த கோபுரங்களையும் விரித்துரைத்துள்ளனர். அன்றாடச் செலவினைத் தாங்கியவர் யார் என்னும் வினா அந்த அளவிற்குக் கருதப்படவில்லை. 1778 முதல் 1903 வரையிலான காலத்தை எல்லையாகக் கொண்டு அவ்வினாவிற்கு விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

புரவலரை நம்பிய காலம்

தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த மராட்டியப் பிராமண விதவையான கோகிலா, 1778இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றுக் குளோரிந்தா எனப் பெயர் கொண்டார். பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர் இடம்பெற்றனர். இச்சிறு சபைக்குக் குளோரிந்தா முன்னின்று கட்டிய கோயில் 1785இல் சுவார்ட்ஸால் அர்ப்பணிக்கப்பட்டது. மக்கள் அதனைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றே வழங்கினர். கோயிலின் பெயரே புரவலரின் பெயராக அமைந்தமை அக்காலப் பொருள்நிலையை உணர்த்துகிறது.

புரவலரை நம்பும் நிலையில் ஓர் இடர் உண்டு. 1798இல் சுவார்ட்ஸும், 1800இல் ஜெனிக்கேயும், 1803இல் கெரிக்கேயும் மறைந்தனர். வெளியாதரவு மெலிந்தது. 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக்குருவாக வந்த ஜேம்ஸ் ஹவ், கவனிப்பாரற்ற சபைகளையே கண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவற்றைக் காத்தவர்கள் நாட்டுக் குருமாரும் உபதேசியார்களுமே ஆவர்.

1820இல் வந்த ரேனியஸ், 1830இல் தர்ம சங்கத்தை நிறுவினார். புதிதாகக் கிறித்தவரானோர் குடியிருக்கவும் வழிபடவும் நிலம் வாங்குவது அதன் நோக்கமாகும். எனினும் வெளிநாட்டுக் கொடையும் தொடர்ந்தது. பிரஷ்ய நாட்டுப் பிரபுவாகிய டோனாவின் பொருளுதவியால் எழுந்த ஊர், அவர் பெயராலேயே டோனாவூர் என வழங்கலாயிற்று.

தற்சார்புக் கொள்கை

1841 முதல் 1872 வரை சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராக விளங்கியவர் ஹென்றி வென். தன்னைத்தானே ஆளுதல், தாங்குதல், பரப்புதல் என்னும் மூன்று இயல்புகளும் உள்ளூர்த் திருச்சபைக்கு வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. இதன்படி வெளிநாட்டு மானியம் படிப்படியாகக் குறைய வேண்டும். சபையாரின் காணிக்கை அவ்விடத்தை நிரப்ப வேண்டும். ஏட்டில் எளிதாகத் தோன்றும் இத்திட்டம், பனையேறியும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த மக்களுக்குப் பெருஞ்சுமையாயிற்று. பதனீர் இறங்கும் பருவத்தில் கருப்புக்கட்டி விற்றுக் காசு கிடைக்கும். பருவம் முடிந்தால் காசு அரிது. உபதேசியார் சம்பளத்திற்கோ பருவம் இல்லை.

கைப்பிடி அரிசி

இம்முரண்பாட்டிற்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்றே கைப்பிடி அரிசி. உலையில் இடுவதற்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, இல்லத்தரசி தனிக் கலயத்தில் இட்டு வைப்பார். சேர்ந்த அரிசி பின்னர்க் கோயிலுக்குச் செல்லும். அங்கு அது விற்கப்பட்டுக் காசாக மாறும். கையில் காசில்லாத வீடும் இதில் பங்குகொள்ள இயலும் என்பதே இம்முறையின் வலிமை. விளைபொருள்களைப் படைத்து ஏலமிடும் பண்டிகை வழக்கமும் இதே அடிப்படையில் அமைந்தது.

சபையினர் செலுத்தும் காணிக்கை ‘சங்கம்’ எனப்பட்டது. பல சபைகளை உள்ளடக்கிய ஆட்சிப் பிரிவோ ‘சேகரம்’ எனப்படுகிறது. திரட்டுதல் என்னும் பொருளுடைய ஒரு சொல் திருச்சபைப் பிரிவிற்குப் பெயராக நிற்பதும், கூட்டத்தைக் குறிக்கும் ஒரு சொல் காணிக்கைக்குப் பெயராக நிற்பதும் நோக்கத்தக்கன. கூடுதலும் கொடுத்தலும் இவ்வழக்கில் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

கோபுரமும் பஞ்சமும்

கால்டுவெல் 1847இல் தொடங்கிய இடையன்குடிக் கோயில் 1880இலேயே அர்ப்பணம் பெற்றது. பணி முற்றுப்பெற முப்பத்து மூன்று ஆண்டுகள் சென்றன. இதற்கிடையே 1876-78இல் பெரும்பஞ்சம் தாக்கியது. அப்போது பல்லாயிரவர் புதிதாகச் சபைகளை நாடினர். கற்பிப்போரின் தேவை பெருகிய அதே வேளையில் கொடுப்போரின் கை வறண்டிருந்தது. உலையே ஏறாத வீட்டில் கைப்பிடி அரிசிக்கு இடமில்லை. தற்சார்பின் எல்லை இங்குப் புலனாகிறது.

மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. அரிசியை ஒதுக்கியவர்கள் பெண்கள். அதன் செலவைத் தீர்மானித்த அக்கால ஆட்சிக் குழுக்களில் அமர்ந்தவர்கள் ஆண்கள். கொடுப்போருக்கு உரிமை என்னும் கொள்கை வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

கேரளத்துப் பிடியரி

இவ்வழக்கம் திருநெல்வேலிக்கு மட்டும் உரியதன்று. கேரளத்துச் சிரியக் கிறித்தவரிடையே இது ‘பிடியரி’ எனப்படும். குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவரா (1805-1871) ஏழை மாணவர்க்கு உணவளிக்க இம்முறையைப் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இடுக்கியின் ஏலமலைகளில் குடியேறிய சிரியக் கிறித்தவ உழவர்கள் இம்மரபின் வழிவந்தோரே ஆவர். ஆனைக்கரை போன்ற மலையூர்களில் ஏலக்காய், மிளகு விலையின் ஏற்றத்தாழ்வு குடும்ப வருவாயைத் தீர்மானிப்பது, பனைநாட்டில் பருவம் வருவாயைத் தீர்மானித்ததோடு ஒப்பிடத்தக்கது.

முடிவுரை

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் பணத்தால், இந்தியர் ஆட்சியில், இந்தியரே பணியாற்றுதல் என்பது அதன் நெறி. தம் ஊர்க் கோயிலைத் தாங்கவே இடர்ப்பட்ட மக்கள், தெலுங்கு நாட்டில் பணி நடத்தப் பொருள் அனுப்பும் நிலையை எய்தினர். கொடை வழங்கியோர் ஊர்ப்பெயரிலும் கோயிற்பெயரிலும் நிலைபெற்றனர். கைப்பிடி அரிசி ஒதுக்கிய பெண்களுக்கு அத்தகைய நினைவுச்சின்னம் இல்லை. ஊர்க் கோயில்களின் வரலாறு அவர்தம் கலயங்களையும் கணக்கில் கொண்டு எழுதப்படும்போதே முழுமை பெறும்.