அஜெண்டா கட்டு

நகராட்சி ஒன்றில் எழுத்தராக இருந்தபோது, மன்றக் கூட்டத்துக்கு முன் அஜெண்டா கட்டை ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவோம். "தபால் வரலீங்க" என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாதல்லவா!

2021 ஆகஸ்ட் 13 அன்று நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தமிழ்நாட்டின் முதல் காகிதமில்லா பட்ஜெட்டை வாசித்தார். உறுப்பினர்களின் மேசைகளில் கணினி. டிவியில் பார்த்து வியந்தேன்.

ஆனால் அன்று, 1892-இல் கட்டிய நம் கோவை விக்டோரியா ஹாலில் உட்கார ஒரு கவுன்சிலர்கூட இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது; அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். அதுவரை தனி அலுவலர் ஆட்சி.

அஜெண்டா காகிதத்தில் வரட்டும், திரையில் வரட்டும். படித்துவிட்டு எழுந்து கேள்வி கேட்க ஆள் வேணுமுங்க.