போலியும் படியும்: கடிகார வரலாற்றில் ஒரு பகுதி

மணி பார்ப்பதற்குக் கைப்பேசி போதுமானதாக உள்ள இக்காலத்தும், பழைய கைக்கடிகாரங்களைத் தேடித் தொகுப்போர் உலகெங்கும் உளர். 2017-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து ஏலத்தில், நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் கடிகாரம் 1 கோடியே 77 இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு விலை போயிற்று. அது பொன்னால் ஆனதன்று, எஃகினால் ஆனது. அவ்வளவு பெருந்தொகை எதற்குக் கொடுக்கப்பட்டது? 'இது அதுவே' என்னும் உறுதிக்கே கொடுக்கப்பட்டது. விலை முழுவதும் மெய்ம்மை ஒன்றனையே பற்றி நிற்குமிடத்தில், பொய்ம்மையும் வந்து புகுதல் இயல்பேயாகும்.

கோலாலம்பூர்ப் பெட்டாலிங் தெருவைச் சுற்றி வந்தவர்கள், புகழ்பெற்ற சுவிஸ் பெயர்களைத் தாங்கிய மலிவான கடிகாரங்களைக் கண்டிருப்பர். இஃது அண்மைக் காலத்தில் தோன்றிய கேடு எனப் பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. கடிகாரப் போலி முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது. அன்று போலி செய்யப்பட்டவை சுவிஸ் கடிகாரங்கள் அல்ல, இலண்டன் கடிகாரங்கள்.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் நகரமே இத்தொழிலுக்குத் தலைமையிடமாய் விளங்கிற்று. அங்கிருந்த தாமஸ் டாம்பியன் என்பார், 1713-ஆம் ஆண்டில் மறைந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் செய்யப்பெறும் அளவுக்குப் புகழ் எய்தியவர். தாம் செய்த கடிகாரங்களுக்குத் தொடர் எண் இட்டவருள் அவரே முன்னோடி எனலாம். ஒருவர் பழுது பார்ப்பதற்காகக் கொண்டுவந்த கடிகாரத்தில் தம் பெயர் பொய்யாகப் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டு, அதனை அவ்விடத்தே உடைத்தெறிந்து, தாம் செய்த கடிகாரம் ஒன்றை அவர் கையில் கொடுத்தார் என்றொரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அன்றோ, பெயர்த் திருட்டு அந்நாளிலேயே ஊரறிந்த செய்தியாய் இருந்தது என்பதற்கு அது சான்று.

அரசும் வாளாவிருக்கவில்லை. வெறுங்கூடுகளையும் முகத்தகடுகளையும் இங்கிலாந்திலிருந்து வாங்கிச் சென்று, உள்ளே வேற்று நாட்டு இயந்திரத்தைப் பொருத்தி, இலண்டன் கடிகாரம் என்று விற்கும் வழக்கத்தைத் தடுக்க 1698-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரமில்லாத கூட்டை ஏற்றுமதி செய்தலாகாது. செய்தவர் பெயரும் ஊரும் கடிகாரத்தில் பொறிக்கப்பட வேண்டும் என அது விதித்தது. பெயர் பொறித்தலைக் கட்டாயமாக்கிய அச்சட்டத்தால் பொய்ப்பெயர் பொறித்தல் நின்றுவிடவில்லை.

18-ஆம் நூற்றாண்டில் 'ஒல்லாந்துப் போலிகள்' என இன்று ஆராய்ச்சியாளர் குறிக்கும் கடிகாரங்கள் ஏராளமாகப் புறப்பட்டன. 'வில்ட்டர், இலண்டன்', 'டார்ட்ஸ், இலண்டன்', 'சாம்சன், இலண்டன்' என்பன அவற்றில் காணும் பெயர்களுள் சில. ஒல்லாந்தர் விரும்பிய முறையில், நிமிட வட்டம் ஒவ்வொரு மணிக்கும் வளைவு வளைவாக வரையப்பட்ட முகத்தகடு அவற்றுக்கு அடையாளம். முதுகைத் திறந்து பார்த்தால் வேறோர் அடையாளமும் உண்டு. அலைசக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் சித்திரவேலைத் தகட்டை, ஆங்கிலத் தொழிலாளி ஒரு காலில் மட்டுமே நிறுத்துவான். ஐரோப்பியப் பெருநிலத்துத் தொழிலாளி இருபுறமும் கால் வைத்துத் திருகாணி இடுவான். 'இலண்டன்' என்று பெயர் பொறித்தவன் தன் கையின் பழக்கத்தை மறைக்கவில்லை. வாங்குவோர் முதுகைத் திறந்து பார்ப்பதில்லை என்பதை அவன் நன்கு அறிந்திருந்தான் போலும். இன்றோ அப்போலிகளே இருநூறு ஆண்டு கடந்த பழம்பொருள்களாகி, தொகுப்போரால் விரும்பித் தேடப்படுகின்றன!

இக்கதையின் நடுநாயகமாய் நிற்பவர் ஆபிரகாம் லூயி பிரெகே. 1747-இல் சுவிஸ் நாட்டு நொய்ஷாத்தெலில் பிறந்து, 1775-இல் பாரிஸ் மாநகரில் தொழிற்சாலை அமைத்தவர். பிரெஞ்சுப் புரட்சியின் கொடுமை மிகுந்த 1793-இல் தாயகம் திரும்பி, இரண்டாண்டு கழித்து மீண்டும் பாரிசுக்கு வந்தார். அவர் பெயர் பொறித்த போலிகள் பெருகியிருந்தன. ஆதலின் அக்காலத்தையொட்டி அவர் ஓர் உபாயம் கண்டார். பெரிய எழுத்தைச் சிறிதாக்கி வரையும் கைக்கருவி ஒன்றைக் கொண்டு, முகத்தகட்டில் 12 என்னும் எண்ணின் அருகே தம் பெயரை மிக நுண்ணிதாகக் கீறி வைத்தார். நேரே நோக்கின் அது தோன்றாது. ஒளி சாய்ந்து படும்படி தகட்டைச் சாய்த்தால் மட்டுமே புலப்படும். 'மறைக் கையெழுத்து' என அதனை வழங்குவர். நாளடைவில் அம்மறைக் கையெழுத்தையும் போலி செய்யப் பழகிவிட்டனர் என்பது வேறு செய்தி.

மறைக் கையெழுத்தினும் உறுதியாய் நின்றது பிரெகேயின் கணக்கேடு. எந்த எண்ணுள்ள கடிகாரம், எந்நாளில், எவருக்கு, என்ன விலைக்கு விற்கப்பட்டது, பின் எப்பொழுது பழுது பார்க்க வந்தது என்பவையெல்லாம் அவ்வேடுகளில் எழுதப்பட்டன. அவை இன்றும் அழியாதுள்ளன. அவற்றின் அருமைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நேப்பிள்ஸ் நாட்டரசியும் நெப்போலியனின் தங்கையுமாகிய கரோலின் முரா, 1810-ஆம் ஆண்டில் கைவளையில் அணிவதற்கென்றே ஒரு கடிகாரம் வேண்டினார். 2639 என்னும் எண் பெற்ற அக்கடிகாரம் 1812-இல் முடிந்தது. நீள்வட்ட வடிவினது, வெப்பமானி உடையது, மயிரும் பொன்னிழையும் சேர்த்துப் பின்னிய வளையில் அமைந்தது. 1849-இலும் 1855-இலும் அது பழுது பார்க்க வந்ததை ஏடு கூறுகிறது. அதன்பின் அது சென்ற இடம் தெரியவில்லை. கைக்கடிகாரங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகக் கருதப்படும் இப்பொருள், இன்று ஏட்டில் மட்டுமே வாழ்கின்றது. ஆடவர் கைக்கடிகாரத்தைப் பெண்டிர் அணி என்று ஒதுக்கியிருந்து, 1914-இல் மூண்ட முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் அதன் பயனை உணர்ந்து பரவலாக அணியத் தொடங்கினர். அதற்கு நூறாண்டு முன்னரே ஓர் அரசி கையில் அது இருந்தது.

போலிக்கும் படிக்கும் உள்ள வேற்றுமையை விளக்க வல்லது பிரெகேயின் 160-ஆம் எண் கடிகாரம். 1783-ஆம் ஆண்டில் அரசி மரீ அந்துவானெத்துக்காக அரசியின் காவற்படை அதிகாரி ஒருவர் இதனைச் செய்யப் பணித்தார் என்பர். அந்நாளில் அறியப்பட்ட எல்லாத் திறனும் அதில் அமைய வேண்டும். இயலுமிடமெங்கும் பொன்னே பயன்பட வேண்டும். செலவுக்கும் காலத்துக்கும் வரையறை இல்லை என்பன நிபந்தனைகள். காலத்துக்கு வரையறை இல்லை என்ற சொல் பலித்துவிட்டது! அரசி 1793 அக்டோபரில் கொலைக்களம் சென்றார். பிரெகே 1823-இல் மறைந்தார். கடிகாரம் 1827-இல் அவர் மகன் காலத்தில் முற்றுப்பெற்றது. 823 உறுப்புகளைக் கொண்ட அது மணியும் நிமிடமும் ஒலித்துக் காட்டும். பொய்க்காத நாட்காட்டி உடையது. கதிரவன் காட்டும் நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் காட்டும்.

பல கை மாறி, 20-ஆம் நூற்றாண்டில் பிரெகே கடிகாரங்களைத் தேடித் தொகுத்த சர் டேவிட் சாலமன்ஸ் என்பாரிடம் அது சேர்ந்தது. அவர் மகளார் எருசலேமில் இசுலாமியக் கலை அருங்காட்சியகம் ஒன்றை நிறுவி, தந்தையின் தொகுப்பை அங்கு வைத்தார். 1983 ஏப்ரலில் அங்கிருந்து நூற்றுக்கு மேற்பட்ட கடிகாரங்கள் ஒரே இரவில் களவு போயின. 160-ஆம் எண்ணும் அவற்றுள் ஒன்று.

ஆண்டு இருபது கடந்தும் அது அகப்படவில்லை. 2005-இல், பிரெகே நிறுவனத்தை வாங்கியிருந்த நிக்கொலாஸ் ஹாயெக், அதனைப் படியெடுத்து மீண்டும் செய்யும்படி ஆணையிட்டார். கையில் மூலம் இல்லை. பழைய ஏடுகள், வரைபடங்கள், நிழற்படங்கள், அக்காலத்துப் பிற கடிகாரங்கள் ஆகியவற்றைக் கொண்டே ஒவ்வோர் உறுப்பும் உய்த்துணர்ந்து செய்யப்பட்டது. வெர்சேல்சு அரண்மனைப் பூங்காவில் அரசிக்கு விருப்பமானதாகச் சொல்லப்பட்ட ஓக் மரம் பட்டுப்போய் வெட்டப்பட்டிருந்தது. அதன் கட்டையிலிருந்து பேழை செய்தனர். வேலை முடியும் தறுவாயில் ஒரு புதுமை நிகழ்ந்தது. களவு போனவற்றில் பல மீண்டன என்றும், 160-ஆம் எண்ணும் அவற்றுள் உண்டு என்றும் 2007-இல் செய்தி வெளிவந்தது. கள்வன் இறந்தபின் அவன் மனைவியின் வழக்கறிஞர் மூலம் அவை திரும்பின. 2008-இல் படி உலகின் முன் வைக்கப்பட்டது.

அப்படிக்கு அவர்கள் இட்ட எண் 1160. இதுவே கருதத்தக்கது. எல்லா உறுப்பும் மூலத்தைப் போன்றிருக்க, எண் மட்டும் வேறு. 'யான் அதுவல்லேன்' என்று அது தானே சொல்லிக்கொள்கிறது. ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவன் தன் பெயரையும் படியெடுத்த நாளையும் இறுதியில் எழுதி வைப்பதை ஒத்தது இது. இயந்திரம், கூடு, முகத்தகடு, முட்கள் எனத் தனித்தனியே வாங்கி, தம் மேசையில் இருந்து கைக்கடிகாரம் இயற்றிப் பழகுவோர் இன்று பலர். முகத்தகட்டில் தம் பெயரை எழுதினாலும் ஒன்றும் எழுதாது விட்டாலும் அது கல்வியே. பிறர் பெயரை எழுதும் கணத்தில் அது திருட்டாகிறது. கைத்திறன் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

முழுப்போலியினும் பெருந்தொல்லை தருவது வேறொன்று உண்டு. ஒரு கடிகாரத்தின் கூட்டில் மற்றொன்றன் இயந்திரத்தைப் பொருத்துவதைத் தொகுப்போர் வேடிக்கையாகத் 'திருமணம்' என்பர். உறுப்புகள் பலவும் மெய்யானவை, சேர்க்கை பொய்யானது. பழம்பாடலில் இடைச்செருகலைக் கண்டு பிரிக்கும் ஆசிரியர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒவ்வொரு சொல்லும் தமிழ்ச் சொல்லாகவே இருக்கும், ஆயினும் செய்யுள் அப்புலவருடையதாகாது.

2021 நவம்பரில் ஜெனிவா ஏலத்தில், ஒமேகா நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஸ்பீட்மாஸ்டர் முதல் வகையைச் சேர்ந்ததெனப்பட்ட கடிகாரம் 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலை போயிற்று. அதன் கருமுகம் காலத்தால் பழுப்பேறியிருந்ததே அதற்குச் சிறப்பு எனப்பட்டது. 2023 ஜூனில் உண்மை வெளிவந்தது: அது பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து இயற்றப்பட்டது. முன்னாள் ஊழியர் மூவர்க்கு இதில் தொடர்பு உண்டென்றும், அவருள் ஒருவர் அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தவர் என்றும் நிறுவனம் கூறிற்று. அக்கடிகாரத்தை அப்பெருவிலை கொடுத்து ஏலத்தில் வாங்கியவர் வேறெவருமல்லர், ஒமேகாவின் அருங்காட்சியகமே.