பீரோவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அட்டைப்பெட்டிகள்

நம் சங்க அறையில் பீரோவுக்குப் பின்னால் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சென்ற ஆடியில் வீட்டைக் காலி செய்துவிட்டு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையிடம் போன குடும்பம் விட்டுச் சென்றவை. போன கூட்டத்தில், பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு வந்தது. எதையும் எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவன் நான். திறந்து எண்ணினேன். கறுப்பு பிளாஸ்டிக் டிராக் துண்டுகள் 42, கார்கள் 4, கையால் அழுத்தும் விசைகள் 2, டிரான்ஸ்பார்மர் 1. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் இதைப் படித்துவிடுங்கள்.

இதற்கு ஸ்லாட் கார் என்று பெயர். டிராக்கின் நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடும். தச்சர்கள் காடி என்பார்களே, அது. காரின் அடியில் உள்ள சின்ன நாக்கு அந்தக் காடிக்குள் இறங்கி நிற்கும். காடியின் இரு பக்கமும் உலோகக் கம்பிகள், அவற்றில் 12 வோல்ட் மின்சாரம். ஸ்டியரிங் கிடையாது, வேகம் மட்டும் உங்கள் விரலில். வளைவில் பேராசைப்பட்டால் கார் காடியை விட்டுத் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போய் விழும்.

அமெரிக்காவில் லயனல் என்ற பொம்மை ரயில் கம்பெனி 1912லேயே இப்படி ஒன்றை விற்றது, நிலைக்கவில்லை. நம் பெட்டியில் இருப்பதன் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. மினிமாடல்ஸ் என்ற சிறு கம்பெனியை நடத்திய ஃபிரெட் ஃபிரான்சிஸ், 1952லிருந்து ஸ்கேலெக்ஸ் என்ற பெயரில் முடுக்கினால் ஓடும் தகரக் கார்களை விற்றுவந்தார். அந்த மோகம் குறையத் தொடங்கியதும் காருக்குள் மோட்டாரை வைத்தார். ஸ்கேலெக்ஸோடு எலெக்ட்ரிக் சேர்ந்து ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ஆயிற்று. 1957 ஜனவரியில் ஹாரோகேட் பொம்மைக் கண்காட்சியில் வைத்தார்; வந்த ஆர்டர்களைச் சமாளிக்க முடியாமல் அடுத்த ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கம்பெனிக்கு விற்றுவிட்டார். சரக்கு விற்காமல் நொடித்தவர்களுக்குக் கடன் கணக்கு எழுதியிருக்கிறேன். அதிகம் விற்றதால் கம்பெனியைக் கொடுத்தவரை இங்கேதான் படித்தேன்.

முதலில் வந்த டிராக் பிளாஸ்டிக் அல்ல, ரப்பர். 1960களின் தொடக்கத்தில்தான் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ரப்பர் துண்டும் பிளாஸ்டிக் துண்டும் நேரடியாகச் சேராது. 2000க்குப் பிறகு வந்த ஸ்போர்ட் வகைக்கு இணைப்பே வேறு. பழையதோடு சேர்க்கத் தனி இணைப்புத் துண்டு வேண்டும். அமெரிக்காவில் 1960ல் வந்த அரோராவின் கார் கட்டைவிரல் நீளம்தான், அதன் டிராக்கும் அதற்கேற்ற சிறிசு. ஆகவே பழைய டிராக் வாங்குகிறவர் கார்களின் பளபளப்பில் மயங்கக் கூடாது. துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் படிக்க வேண்டும். நம்முடையதில் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்றும், இங்கிலாந்தில் செய்தது என்றும் அச்சாகியிருக்கிறது. பி.டி. 60 என்றால் முழு நேர்த்துண்டு, 35 சென்டிமீட்டர். பி.டி. 51 என்றால் வளைவு. எட்டு சேர்ந்தால் ஒரு வட்டம். நம்மிடம் வளைவு பதினொன்று இருக்கிறது.

வேறு வாங்கிக்கொள்ளலாமே என்பீர்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பொம்மை இறக்குமதிக்கு இங்கே கட்டுப்பாடு. அது முழுதாக நீங்கியது 2001ல்தான். இப்படிப்பட்டவை பெரும்பாலும் யாராவது ஊருக்கு வரும்போது சூட்கேஸில் வந்தவை. அதனால் செஞ்சி கடைத்தெருவில் மட்டுமல்ல, சென்னையிலும் உதிரித் துண்டு சுலபத்தில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவோடு சுங்கமும் உண்டு: பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த வரி 2020ல் 60, 2023ல் 70 என்று ஏறியது.

இனி, என் தவறு. கம்பியில் துரு தெரிந்ததும் ஒரு துண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். வெள்ளியாக மின்னியது. ஐப்பசி மழை தொடங்கிய இரண்டு வாரத்தில் முன்பைவிட மோசமாகப் பழுப்பேறிவிட்டது. கம்பி இரும்பு, அதன் மேல் மெல்லிய முலாம்; நான் துருவோடு முலாமையும் தேய்த்து எடுத்திருக்கிறேன். செய்திருக்க வேண்டியது இதுதான்: பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த துணியால் கம்பியை மட்டும் துடைக்க வேண்டும். பிறகு தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் விட்டுத் தடவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் சக்கரம் வழுக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக் கரையும். சோப்புத் தண்ணீரில் கழுவினால் அன்றே துடைத்துக் காயவைக்க வேண்டும்.

கார் ஓடி ஓடி ஓரிடத்தில் தயங்கினால் பழி மோட்டார் மேல் போகும். பெரும்பாலும் குற்றவாளி இரண்டு துண்டுகள் சேரும் இடம்தான். அங்கே கம்பி முனை தளர்ந்திருக்கும். சின்னக் குறடால் லேசாக நெருக்கினால் போதும்.

நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். ராஜகிரிப் பாறை பகலில் வாங்கியதை ராத்திரியில் திருப்பித் தருகிறது. மாடி வீட்டுப் பரணில் போட்டால் பிளாஸ்டிக் வளையும், வளைந்ததை நிமிர்த்துவது கடினம். கீழ்த்தளத்தில், சமதளமாகப் படுக்கவைத்து, மேலே பாரம் ஏற்றாமல் வைக்க வேண்டும். செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் கொடுத்தால் பெட்டிக்குள் வைப்பேன். பாச்சை உருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், கார்களின் உடல் பாழாகும்.

டிரான்ஸ்பார்மரில் 240 வோல்ட் என்று இருப்பதால் நம் மின்சாரத்துக்குச் சரி. அமெரிக்காவிலிருந்து வந்ததாக இருந்தால் 120 வோல்ட். அதை நேரே நம் பிளக்கில் செருகினால் கருகிவிடும். நம்முடையதிலும் வயரின் மேலுறை வெடித்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

கூட்டத்தில் நான் கேட்கப்போவது எட்டுக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று, வயர் மாற்றும் செலவு, கீழ்த்தள அறையில் ஒரு மூலை. உப்புத்தாள் போட்ட அந்த ஒரு துண்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஓடுவதற்கு உள்ளவை 41.