நாமக்கல்லில் தள்ளுபடியான ஒரு வேட்புமனு

1/
"இவர் தேர்தல்ல நிக்கவே தகுதி இல்லாதவராச்சே, கோர்ட்டுக்குப் போய் இப்பவே தடுக்க முடியாதா டாக்டர்?"

ஒவ்வொரு தேர்தலுக்கும் மானகிரியில் யாராவது ஒருத்தர் என்னிடம் கேட்டுவிடும் கேள்வி இது. கேள்வி அதேதான். கட்சி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

இதற்கான பதிலை உச்ச நீதிமன்றம் 1952-லேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கு போனது நம்ம நாமக்கல்லில் இருந்து.

2/
சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நேரம். அப்போது நாமக்கல், சேலம் மாவட்டத்தில் இருந்தது.

சென்னை மாகாண சட்டமன்றத்துக்கு நாமக்கல் தொகுதியில் மனு தாக்கல் செய்தவர்களில் என்.பி.பொன்னுசாமியும் ஒருவர். 1951 நவம்பர் 28 அன்று தேர்தல் அதிகாரி அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தார்.

அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். "தேர்தல் விஷயத்தில் இப்போது நாங்கள் தலையிட முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். உடனே உச்ச நீதிமன்றம் போனார்.

3/
1952 ஜனவரி 21-இல் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி பசல் அலி.

அரசியல் சாசனப் பிரிவு 329(b) என்ன சொல்கிறது? தேர்தலை எதிர்த்து "தேர்தல் மனு" மூலமாக மட்டுமே வழக்குப் போட முடியும்.

சரி, "தேர்தல்" என்றால் எது? ஓட்டுப் போடும் நாள் மட்டுமா?

இல்லை. அறிவிப்பு வெளியானதில் இருந்து முடிவு அறிவிக்கும் வரை எல்லாமே தேர்தல்தான், வேட்புமனு பரிசீலனையும் அதில் அடக்கம் என்றது நீதிமன்றம்.

அதாவது, மனு தப்பாகத் தள்ளுபடி ஆகியிருந்தாலும் முதலில் தேர்தல் முடியட்டும், அப்புறம் வாங்க.

4/
கேட்கும்போது அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபக்கமும் யோசிங்க.

தள்ளுபடியாகும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு தடை உத்தரவு கிடைத்தால், எந்தத் தேர்தலும் சொன்ன தேதியில் நடக்காது. ஆளுங்கட்சிக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்?

எமர்ஜென்சி வார்டில் முதலில் உயிரைக் காப்பாற்றுவோம், விசாரணை எல்லாம் பிறகு. கிட்டத்தட்ட அதே கணக்கு.

5/
இதனால் என்ன ஆகிறது? தேர்தல் அதிகாரியின் மேஜைக்குப் பெரிய அதிகாரம் வந்துவிடுகிறது. மனு தாக்கலின் கடைசி நாளுக்கு அடுத்த நாள் பரிசீலனை. பெரும்பாலும் அன்றைக்கே முடிவு.

2001 ஏப்ரலில் ஜெயலலிதா ஆண்டிபட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, நமக்குப் பக்கத்து ஊர் புதுக்கோட்டை என நான்கு தொகுதிகளில் மனு கொடுத்தார். நான்கும் தள்ளுபடி.

காரணம் இரண்டு. ஒன்று, டான்சி வழக்குகளில் 2000 அக்டோபரில் வந்த தண்டனை. இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கப்பட்டால் போட்டியிட முடியாது என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8(3). அப்பீலில் சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு நிறுத்தப்படவில்லை.

இன்னொன்று, ஒருவர் இரண்டு தொகுதிகளுக்கு மேல் போட்டியிடக் கூடாது என்ற விதி.

6/
ஆனாலும் அதிமுக ஜெயித்தது. மே 14 அன்று அவரே முதல்வரானார். எம்எல்ஏவாக இல்லாதவரும் ஆறு மாதம் அமைச்சராக இருக்கலாம் என்ற 164(4) பிரிவுதான் ஆதாரம்.

2001 செப்டம்பர் 21-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. எம்எல்ஏ ஆகவே தகுதி இழந்தவருக்கு அந்த ஆறு மாதச் சலுகை கிடையாது என்றது. ஓ.பன்னீர்செல்வம் முதல்முறை முதல்வரானது அப்போதுதான்.

டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுதலை செய்தது. 2002-இல் ஆண்டிபட்டி இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி முதல்வரானார்.

7/
இங்கே ஒரு சந்தேகம் வரும். பின்னாடி விடுதலை ஆகிவிட்டால், முன்னாடி மனுவைத் தள்ளுபடி செய்தது தப்பாகிவிடுமா?

ஆகாது. கேரளாவின் கூத்துபறம்பு தொகுதி வழக்கில் 2005 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பரிசீலனை நாளில் தகுதி இருந்ததா என்பதுதான் கேள்வி. பின்னால் வரும் விடுதலை அந்த நாளை மாற்றாது.

8/
அமெரிக்காவில் கதை வேறு. 2023 டிசம்பரில் கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் டிரம்ப் பெயரை வாக்குச்சீட்டில் போடக் கூடாது என்றது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை 2024 மார்ச் 4-இல் ரத்து செய்தது. மறுநாள் அங்கே முதல்நிலைத் தேர்தல்!

அங்கே ஓட்டுக்கு முன்னால் சண்டை. நம்மிடம் ஓட்டுக்குப் பின்னால்.

9/
நம் முறையில் பொன்னுசாமி மாதிரி ஆட்களுக்கு என்ன வழி? சட்டம் ஒன்றை யோசித்து வைத்திருக்கிறது.

தகுதியில்லாதவரின் மனுவைத் தப்பாக ஏற்றிருந்தால், அதனால் முடிவு பாதிக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு மனுவைத் தப்பாகத் தள்ளுபடி செய்திருந்தாலும் போதும், ஜெயித்தவரின் தேர்தலே செல்லாது. பாதிப்பை நிரூபிக்கத் தேவையில்லை. நிற்கவே விடாதவருக்கு எத்தனை ஓட்டு விழுந்திருக்கும் என்று யாரால் கணக்குப் போட முடியும்?

10/
குறை எங்கே என்றால், நேரத்தில். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பு?

தகுதி வழக்கு இல்லைதான், ஆனாலும் நம்ம சிவகங்கையையே பாருங்கள். 2009 மக்களவைத் தேர்தலில் 3,354 ஓட்டில் ப.சிதம்பரம் ஜெயித்ததை எதிர்த்து ராஜ கண்ணப்பன் போட்ட வழக்கு, 2012 ஜூனில்கூட அதை விசாரிக்கலாமா கூடாதா என்ற கட்டத்தில்தான் இருந்தது.

தாமதமான மருந்தும் மருந்துதான். ஆனால் நோயாளி அதுவரை தாங்க வேண்டும். ஐந்து வருடப் பதவிக்கு ஐந்து வருட வழக்கு என்றால் தீர்ப்பு யாருக்கு? 1952-இல் சொன்ன "அப்புறம் வாங்க" நியாயமாக இருக்க வேண்டுமானால், அந்த "அப்புறம்" சீக்கிரம் வர வேண்டும்.

11/
கடைசியாக, பலருக்குத் தெரியாத ஒன்று.

தேர்தல் மனுவைத் தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை. அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம். முடிவு வந்த 45 நாளுக்குள், உயர் நீதிமன்றத்தில்.

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். வழக்கு, தண்டனை, சொத்து, கடன் எல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப் பார்வர்டை நம்புவதற்கு முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.