அமைவுக் கோப்பின் இரு வாசகர்: யாவா நிரல் நூலகங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவோ நிரல் மொழிகளின் வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு செய்நிரல் எந்தத் தரவுத்தளத்தை நாட வேண்டும், பயனரோடு எம்மொழியிற் பேச வேண்டும், மறுமொழிக்காக எத்துணை நேரம் காத்திருக்க வேண்டும் என்பன போன்ற விடயங்களை அந்நிரலுக்கு வெளியே எழுதி வைக்கும் சிறு கோப்புகள் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றன. இவற்றை இக்கட்டுரையில் அமைவுக் கோப்புகள் என்போம். நிரலைத் திருத்தாமலே அதன் நடத்தையை மாற்றும் வாய்ப்பினை நிரலாளர் அல்லாதார்க்கும் வழங்குவன இவையே என்பதால், இவற்றின் வரலாறு கணினியை ஆளும் உரிமையின் வரலாறுமாகும்.

அமைவுக் கோப்புக்கு இரு வாசகர் உளர். அதனைப் படித்துச் செயற்படும் பொறி ஒரு வாசகர். அதனை எழுதியும் திருத்தியும் பேணும் மனிதர் மற்றைய வாசகர். இவ்விரு வாசகருக்கும் இடையே நிற்பது, கோப்பினை வாசித்து நிரலுக்குக் கையளிக்கும் நிரல் நூலகம். பல செய்நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்த நிரற்பகுதிகளின் தொகுதியே நிரல் நூலகம் எனப்படுகின்றது. இந்நூலகங்களின் வளர்ச்சியை வசதிகளின் பெருக்கமாகக் காண்பதே வழமை. அவ்வளர்ச்சியின்போது இரண்டாம் வாசகருக்கு நேர்ந்தது யாது என்ற வினாவை எழுப்புவதே எமது நோக்கம்.

அமைவுக் கோப்பின் மூதாதையருள் ஒன்று ஏவற் கோப்பாகும். மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் காலப்பகிர்வு முறைமையில், லூயி பூசான் 1964ஆம் ஆண்டளவில் 'றன்கொம்' எனும் வசதியை ஆக்கினார். கோப்பொன்றில் எழுதப்பட்ட கட்டளைகளை வரிசையாக நிறைவேற்றுவதே அதன் பணி. 1969இற் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யூனிக்ஸ் முறைமையில், தொடக்கக் கோப்புகளின் பெயர்களில் 'ஆர்.சி.' என்னும் ஈரெழுத்து நிலைத்தமை இதன் எச்சமேயாகும். யூனிக்ஸ் மரபில் அமைவுக் கோப்புகள் எவரும் வாசிக்கத்தக்க வெற்றுரையாக இருந்தன. ஆயின் ஒவ்வொரு செய்நிரலும் தனக்கெனத் தனி இலக்கணத்தை வகுத்துக்கொண்டது. பேர்க்லியில் எரிக் ஓல்மன் ஆக்கி, 1983இல் வெளிவந்த 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சற் செய்நிரலின் அமைவுக் கோப்பு இதற்குத் தக்க சான்று. அதன் இலக்கணம் மனிதர் நேரே எழுதுதற்கு இயலாத அளவு கடினமானதாயிற்று. அதனால் அக்கோப்பினை ஆக்கித்தர வேறொரு செய்நிரல் வேண்டப்பட்டது.

தனித்தனி இலக்கணங்களால் விளைந்த இவ்விடர்ப்பாட்டைப் பொதுவான நூலகத்தினால் தீர்க்கும் முயற்சிகள் பின்னர் எழுந்தன. மைக்றோசொவ்ற் நிறுவனத்தின் விண்டோஸ், 'இனி' எனப்படும் எளிய உரைக் கோப்புகளை வாசிக்கும் செயற்கூறுகளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. 1993இல் விண்டோஸ் என்.ரி.யும் 1995இல் விண்டோஸ் 95உம், முறைமை முழுவதற்குமான ஒரே பதிவகத்தை முதன்மைப்படுத்தின. பதிவகத்திற்குரிய நியாயங்கள் வலுவானவையே: ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி அணுக்க உரிமை வகுக்கலாம், பெறுமானங்களுக்கு இனம் உண்டு. ஆனால், சாதாரண உரைத்தொகுப்பியினால் திறந்து வாசிக்கக்கூடிய கோப்பு என்ற நிலை அங்கே மறைந்தது. 2002இல் வெளிவந்த டொட்நெற் தளத்தில் அதே நிறுவனம், செய்நிரலின் அருகிலேயே வைக்கப்படும் உரைக் கோப்புகளுக்கு மீண்டமை கருதத்தக்கது.

யாவாவின் வரலாறு இப்பிரச்சினையை மேலும் தெளிவாகக் காட்டுகின்றது. சண் மைக்றோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட யாவாவின் முதற் பதிப்பிலேயே 'புறொப்பற்றீஸ்' என்னும் வகுப்பு இடம்பெற்றது. வரிக்கு ஒரு பெயரும் பெறுமானமும் கொண்ட சோடிகளை அது வாசிக்கும். பெறுமானம் தரப்படாதவிடத்து முன்னிருப்புப் பட்டியலொன்றை நாடும். கற்றற்கு எளிதாகையால் அது விரைவிற் பரவிற்று. ஆயினும் அதன் அமைப்பில் இரு குறைகள் இருந்தன.

முதலாவது, விளக்கக் குறிப்புகள் பற்றியது. கோப்பினுள் குறிப்பெழுத இவ்வகுப்பு இடந்தந்தது. ஆனால் வாசிக்கும்போது அவற்றைக் கைவிட்டது. நிரல் அக்கோப்பினை மீள எழுதுமாயின், பெயர்களும் பெறுமானங்களும் எஞ்சும், குறிப்புகள் அழிந்துவிடும். ஒரு பெறுமானத்தை ஏன் குறைக்கலாகாது என்று முன்னைய பொறுப்பாளர் எழுதி வைத்த காரணம், அடுத்து வருபவரின் கைக்கு எட்டாது போகும். பொறிக்கு இதில் இழப்பு யாதுமில்லை. இழப்பு முழுவதும் மனிதருடையதே.

இரண்டாவது குறை எம்மொழியையும் நேரே தொட்டது. யாவா தன்னுள்ளே எழுத்துகளை ஒருங்குறியிற் கையாண்டது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றிருந்தது. எனினும் இவ்வகுப்பு, மேலை ஐரோப்பிய மொழிகளுக்குரிய ஐ.எஸ்.ஓ. 8859-1 குறியாக்கத்திலேயே கோப்புகளை வாசித்தது. ஏனைய எழுத்து ஒவ்வொன்றையும் ஆறு இலத்தீன் குறிகளால் எழுத நேர்ந்தது. 'தமிழ்' என்னும் மூவெழுத்துச் சொல் ஒருங்குறியில் 5 குறியீடுகளாலாயது. ஆகவே கோப்பில் அது 30 குறிகளாக நீண்டது. செய்நிரலின் திரையிற் காட்டப்படும் சொற்றொடர்களும் இத்தகைய கோப்புகளிலேயே வைக்கப்பட்டமையால், தமிழாக்கம் செய்பவர் தாம் எழுதியதைத் தாமே வாசிக்க இயலாத நிலை தோன்றிற்று.

இதற்கெனவே மாற்றுக் கருவியொன்று யாவாவுடன் வழங்கப்பட்டதே என்று கூறலாம். உண்மையே. ஆயின் அதன் விளைவாக, மனிதருக்கு ஒரு கோப்பும் பொறிக்கு வேறொரு கோப்பும் பேணவேண்டியதாயிற்று. இரு வாசகரும் ஒரே பிரதியை வாசித்தல் என்னும் அடிப்படையே அங்கே குலைந்தது. 2006இல் யாவா 6, வேண்டிய குறியாக்கத்தைத் தெரிந்து வாசிக்க வழிசெய்தது. 2017இல் யாவா 9, மொழிபெயர்ப்புச் சொற்றொடர்க் கோப்புகளை யூ.ரி.எவ்.-8 குறியாக்கத்தில் வாசிப்பதை இயல்பான நடைமுறையாக்கியது. முதற் பதிப்பிலிருந்து இதற்கு 21 ஆண்டுகள் சென்றன.

முதற் குறையை நிவிர்த்தி செய்தவற்றுள் அப்பாச்சி நிறுவனத்தின் 'கொமன்ஸ் கொன்பிகுரேசன்' குறிப்பிடத்தக்கது. பல்வேறு வடிவக் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் சூழல் மாறிகளையும் ஒரே முறையில் அணுக இந்நூலகம் வழிசெய்தது. அதன் வளர்ச்சிப் போக்கில், கோப்பினை மீள எழுதும்போது விளக்கக் குறிப்புகளையும் வரியமைப்பையும் பேணும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. இரண்டாம் வாசகரின் இருப்பினை நூலகம் ஏற்றுக்கொண்டமைக்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆனால் அதே நூலகம் வேறொரு திசையிலும் வளர்ந்தது. ஒரு பெறுமானத்தினுள் மற்றொரு பெறுமானத்தைச் சுட்டும் பதிலீட்டு வசதி நாளடைவில் விரிந்தது. 2.4 முதல் 2.7 வரையான பதிப்புகளில், பெறுமானத்துள் எழுதப்பட்ட நிரற் கூற்றினை இயக்குவதும் தொலைவிலுள்ள முகவரியொன்றை நாடுவதும் இயல்பாகவே இயலுமாயிருந்தன. நம்பத்தகாத ஒருவர் எழுதிய பெறுமானம் இந்நூலகத்தை அடையுமாயின், அவர் விரும்பிய நிரலை அக்கணினி இயக்கக்கூடும் என்பது 2022இல் அறிவிக்கப்பட்டது. 2.8.0ஆம் பதிப்பில் இவ்வசதிகள் இயல்புநிலையிலிருந்து நீக்கப்பட்டன. கட்டளைகளின் பட்டியலாகத் தொடங்கிய கோப்பு, வெறும் தரவாக மாறியபின், தன்னைப் பேணும் மனிதர் அறியாமலே மீண்டும் ஏவற் கோப்பாகியிருந்தது. 1964ஆம் ஆண்டளவில் றன்கொம் கோப்பினை எழுதியவர் தாம் கட்டளை எழுதுவதை அறிந்திருந்தார், பின்னவரோ அறிந்திலர். இவ்வறியாமையே ஆபத்தின் ஊற்றாகும்.

இது யாவாவுக்கு மட்டும் உரிய குறையன்று. 2005இல் வகுக்கப்பட்ட யமல் 1.1 வடிவத்தில், 'இல்லை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் மேற்கோளின்றி எழுதப்படின் அது பொய்ப் பெறுமானமாகக் கொள்ளப்பட்டது. நோர்வே நாட்டின் ஈரெழுத்துக் குறியும் அதே எழுத்துகளாலாயதால், நாடுகளின் பட்டியலில் அதனை எழுதியவர் கருதியது ஒன்று, நூலகம் கொண்டது பிறிதொன்று ஆயிற்று. 2009இல் வந்த 1.2ஆம் பதிப்பு இவ்வூகத்தைக் கட்டுப்படுத்தியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, எளிமை குன்றியதனால் மட்டும் இந்நூலகங்கள் இடர்ப்பட்டன எனக் கூறுதல் பொருந்தாது. புறொப்பற்றீஸ் மிக எளியது. ஆயினும் மனிதர் எழுதியதை அழித்தது. கொமன்ஸ் கொன்பிகுரேசன் அதனைப் பேணியது. ஆயினும் மனிதர் எண்ணாததைச் செய்ய இடமளித்தது. எனவே நூலகமொன்றை மதிப்பிடுவோர் அது எத்தனை வடிவங்களை வாசிக்கும் என்பதோடு அமைதல் போதாது. கோப்பினைத் திறந்து பார்க்கும் ஒருவர், தம் மொழியில், அங்கு எழுதப்பட்டுள்ளதைக் கொண்டே பொறி செய்யப்போவதை அறிந்துகொள்ள இயலுமா என்று வினவுதல் வேண்டும். நள்ளிரவிற் பழுதுபட்ட முறைமையொன்றைச் சீர்செய்ய வருபவரின் கையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அக்கோப்பு ஒன்றே.