மெக்கின்லியின் கடைசிப் பேருரை

காப்புவரியைப் போற்றும் அமெரிக்கப் பழமைவாதிகள் மெக்கின்லியின் பெயரை இன்றும் எடுத்துரைப்பர். இறக்குமதித் தீர்வையைச் சராசரியாக நூற்றுக்கு ஏறக்குறைய 50 ஆக உயர்த்திய 1890ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்கியது. விலையேற்றத்தால் மக்கள் சினந்தனர். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் தம் தொகுதியையே இழந்தார். (தொகுதியின் எல்லையை எதிர்க்கட்சியார் மாற்றி வரைந்திருந்ததும் ஒரு காரணமே.) எனினும் 1896இல், வெள்ளி நாணயம் கோரிய உழவர்களின் ஆதரவு பெற்ற பிரையனை வென்று குடியரசுத் தலைவரானார்.

1898இல் ஸ்பெயினோடு போர். பிலிப்பைன்ஸ் கைக்கு வந்தது. ஆலைச் சரக்கோ உள்நாட்டுத் தேவையை மீறிக் குவிந்தது. வாங்குவார் யார்? 1901 செப்டம்பர் 5ஆம் நாள் பஃபலோ கண்காட்சியில், பிறர் பொருளை வாங்காது நம் பொருளை மட்டும் விற்றல் இயலாது என்னும் கருத்துப்பட அவரே பேசினார். பரஸ்பரச் சலுகை ஒப்பந்தங்களை வேண்டினார். கொள்கை துறந்தார் என அவரைப் பழித்தல் பொருந்தாது; வேலியை அவர் பிடுங்கவில்லை, வாயில் வைக்கவே விழைந்தார். மறுநாள் அதே கண்காட்சியில் சுடப்பட்டு, 14ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் வேண்டிய ஒப்பந்தங்களைச் செனட் சபை ஏற்கவேயில்லை.